தொலைக்காட்சியின் முதுகைப் பார்த்த விமர்சகர்

என் அண்ணி பதினோரு வருடமாகத் தொலைக்காட்சியின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். தையல் கடையில் இடம் அவ்வளவுதான். வாடிக்கையாளர்கள் உட்காரும் பெஞ்சைப் பார்த்தபடி பெட்டியை வைத்தால், மெஷினில் உட்கார்ந்திருப்பவருக்கு அதன் பின்பக்கம் மட்டும்தான் தெரியும்: நாலைந்து வயர்கள், தூசி, பாதி கிழிந்த ஒரு ஸ்டிக்கர். திருப்பி வைத்தால் என்ன என்று ஒருமுறை கேட்டேன். "திருப்பினா நான் அதைப் பார்ப்பேன், ஊசி என் விரலைப் பார்க்கும்" என்றார். அதோடு சரி.

ஆகவே எங்கள் தெருவின் தலைசிறந்த தொலைக்காட்சி விமர்சகர் இதுவரை ஒரு நடிகையின் முகத்தையும் பார்த்ததில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நான் ஒரு வார இதழில் மெய்ப்புத் திருத்துகிறவன். இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகிற விமர்சகர்கள் எழுதுவதை வாரா வாரம் படித்துத் தொலைப்பது என் தொழில். அவர்கள் பார்த்து எழுதியதைவிட அண்ணி பார்க்காமல் சொல்வது எவ்வளவோ மேல்.

"'விறுவிறுப்பான திரைக்கதை'ன்னு எழுதியிருக்கானே, இவன் தூங்கிட்டான்" என்பார், நான் படித்துக்காட்டும்போது. "எப்படிச் சொல்றீங்க அண்ணி?" என்றால், "முழிச்சிருந்தவனுக்கு ஒரு வசனமாவது ஞாபகம் இருக்கும்ல? இவன் எழுதினதுல ஒண்ணாவது இருக்கா?" என்பார். இருக்காது.

அண்ணியின் வாயில் எப்போதும் நாலு குண்டூசி இருக்கும். அவற்றை உதட்டின் ஓரத்தில் ஒதுக்கிக்கொண்டே பேசுவார். சாதாரணத் தீர்ப்புகளுக்கு ஊசி வாயிலேயே இருக்கும். ஊசியை எடுத்துக் கழுத்தில் தொங்கும் அளவு டேப்பில் குத்தினார் என்றால், யாரோ ஓர் இயக்குநர் தொலைந்தார் என்று அர்த்தம். வாடிக்கையாளர்களிடமும் அப்படித்தான்; தலை நிமிராமலே பேசுவார். குரலை வைத்தே ஆளைச் சொல்வார். "வாங்க மருந்துக்கடை அம்மா, நேத்து ராத்திரி இருமினீங்களா?" என்று கேட்பார். பக்கத்துக் கடை மருந்துக்கடைக்கார அம்மா தன் கடையிலேயே எடுத்து விழுங்கிய மாத்திரையை அப்போதுதான் ஒப்புக்கொள்வார்.

புத்தகங்களும் காது வழியாகத்தான். பித்தான் தைக்கிற வேலை வரும் நாட்களில் என் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து நாவல் படித்துக்காட்டுவார். அண்ணன் குடிநீர் வாரியத்தில் கணக்கெடுப்பவர். வீட்டுக்கு வீடு மீட்டர் பார்த்துப் பார்த்து, எதையும் சட்டென்று முடிக்கும் பழக்கம் வந்துவிட்டது. வர்ணனை வந்தால் இரண்டு பக்கம் தாண்டிவிடுவார். "இப்ப என்னத்தையோ முழுங்கினீங்க" என்று அண்ணி பிடித்துவிடுவார். "ஒண்ணுமில்ல, மழை பெய்யுது, அவ்வளவுதான்." "அவ அழும்போதா பெய்யுது?" "ஆமா." "அப்ப நீங்க தாண்டினது சரி. மூடி வெச்சிடுங்க." அழுகைக்கு மழையைத் துணைக்குக் கூப்பிடுகிற எந்த எழுத்தாளரும் எங்கள் கடையில் மூன்றாவது அத்தியாயத்தைத் தாண்டியதில்லை. இன்னொரு பெரிய எழுத்தாளரின் நாவலை, "தாத்தாவும் வக்கீல் மாதிரி பேசறார், அஞ்சு வயசுப் பொண்ணும் வக்கீல் மாதிரி பேசுது, இந்தக் குடும்பத்துல யாருக்குத்தான் கேஸு?" என்று கேட்டு ஒரே போடாகப் போட்டார்.

எங்கள் இதழில் தொலைக்காட்சிப் பக்கம் எழுதிக்கொண்டிருந்தவர் வேறு வேலை கிடைத்துப் போனபோது, ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, "நீ டிவி பார்க்கிறவன்தானே?" என்று கேட்டார். என் அறையில் டிவியே கிடையாது. "பார்க்காம இருப்பேனா சார்!" என்றேன். 'நேரில் கண்டவன்' என்று எனக்கு நானே புனைபெயர் வைத்துக்கொண்டேன். அன்று முதல் மாலையானால் தையல் கடை பெஞ்சில் உட்கார்ந்து, குறுக்கெழுத்துப் போடுவதுபோல அண்ணி சொல்வதை எல்லாம் எழுதிக்கொண்டேன். அண்ணிக்குத் தெரியாமல் இல்லை. மருந்துக்கடை அம்மா வாரா வாரம் பக்கத்தைப் படித்துக்காட்டுவார். "நான் சொன்னதைத்தான் எழுதியிருக்கான். ஆனா நான் சொன்னதைவிட நீளமா எழுதியிருக்கான்" என்பதுதான் என் எழுத்தைப் பற்றி அவர் இதுவரை சொன்ன ஒரே கருத்து.

எல்லாம் ஏழு மணித் தொடரில் வந்து முட்டிக்கொண்டது. அந்தத் தொடருக்கு ஒரு நீளமான பெயர் உண்டு. எங்கள் தெருவில் யாரும் அதைச் சொல்வதில்லை. அதில் ஒரு சின்ன மருமகள், தங்கமானவள். ஒரு நாத்தனார், விஷம். இரண்டு வருடமாக நாத்தனார் குழி தோண்டுவதும், சின்ன மருமகள் அதில் விழுந்து எழுந்து "பரவாயில்லைங்க அண்ணி" என்பதும்தான் கதை. ஒரு செவ்வாய்க்கிழமை அண்ணி திடீரென்று காலை மெஷின் மிதியிலிருந்து எடுத்தார். வாயிலிருந்து ஊசியை எடுத்தார். நான் பென்சிலைச் சீவிக்கொண்டேன்.

"ரெண்டு பேரும் ஒரே ஆளுடா."

"யாரு அண்ணி?"

"மருமகளும் நாத்தனாரும். ஒருத்திதான் ரெண்டு வேஷம் போடறா. வீட்டுல நல்லவளா இருந்துக்கிட்டு, இன்னொரு வேஷத்துல வந்து குடும்பத்தைக் கெடுக்கறா. கடைசியில இதைத்தான் அவுத்துவிடப் போறாங்க. எழுதி வெச்சுக்கோ."

எழுதி வைத்துக்கொண்டேன். எழுதி வைத்ததோடு நின்றிருந்தால் பிழைத்திருப்பேன். பிரமாதமான கண்டுபிடிப்பு என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. 'இரு முகம், ஒரே பெண்! ஏழு மணித் தொடரின் ரகசியம் உடைகிறது!' என்று கொட்டை எழுத்தில் தலைப்புக் கொடுத்து முழுப் பக்கம் எழுதினேன். மெய்ப்பும் நானே பார்த்தேன். ஓர் எழுத்துப்பிழை கிடையாது.

அடுத்த வாரம் கடிதங்கள் வந்தன. ஆசிரியர் அவற்றை என் மேசையில் கொண்டுவந்து கொட்டி, ஒன்றை எடுத்துத் தானே படித்தார். "மதிப்பிற்குரிய நேரில் கண்டவன் அவர்களுக்கு, அந்த இரண்டு பெண்களும் போன மாதம் ஒருவரை ஒருவர் கன்னத்தில் அறைந்துகொண்டார்கள். அதற்கு முந்தின மாதம் கட்டிப்பிடித்து அழுதார்கள். ஒருத்தி ஒட்டடைக் குச்சி மாதிரி, இன்னொருத்தி பூசணிக்காய் மாதிரி. தாங்கள் எந்த ஊர் டிவியில் நேரில் கண்டீர்கள்?" படித்து முடித்துவிட்டு ஆசிரியர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே விவரிக்கப் போவதில்லை.

நேராகக் கடைக்குப் போய் அண்ணியிடம் கத்தினேன். வெட்கமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. அண்ணி கொஞ்சமும் அசரவில்லை. "அப்படியா? ரெண்டு முகமா? அப்ப ஒரே குரல் எப்படி ரெண்டு முகத்துல இருக்கு? அதைக் கேளு போ" என்றார். முகம் வேறு என்று ஊரே சொன்னாலும் குரல் ஒன்று என்பதில் அவருக்கு ஒரு நூல் அளவும் சந்தேகம் இல்லை. தப்பு முகத்தின் மேல்தான்.

அந்த வாரமே தொடரில் நாத்தனாருக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்தது. திடுதிப்பென்று. நேற்று வரை கத்திக்கொண்டிருந்தவள் கழுத்தில் கட்டோடு வந்து, சதித் திட்டங்களை எல்லாம் சிலேட்டில் எழுதிக்காட்ட ஆரம்பித்தாள். சிலேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பெஞ்சில் இருப்பவர்கள் அண்ணிக்குப் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது. இது நம்மால் வந்ததோ என்று நினைத்தேன், நினைத்தது சரிதான்.

இரண்டு நாள் கழித்து அலுவலகத்துக்கு ஒரு பெண்மணி வந்தார். நாற்பது வயது இருக்கும். கொளுத்துகிற வெயிலில் கழுத்தைச் சுற்றி மஃப்ளர், கையில் வெந்நீர் பிளாஸ்க். "நேரில் கண்டவன் யாருங்க?" என்று வரவேற்பில் கேட்டார். வரவேற்பில் இருப்பவள் என்மேல் என்ன கோபமோ, யோசிக்காமல் விரலை நீட்டிக் காட்டிவிட்டாள்.

"அவர் வெளியூர் போயிருக்காருங்க" என்றேன்.

"பரவாயில்ல. வர்ற வரைக்கும் உக்காந்திருக்கேன்" என்று என் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பிளாஸ்க்கைத் திறந்தார். "ரெண்டு வருஷமா அந்த ரெண்டு பேருக்கும் நான்தாங்க குரல் கொடுக்கறேன். எடிட்டருக்குத் தெரியல, டைரக்டருக்குத் தெரியல, நடிக்கிற ரெண்டு பொண்ணுங்களுக்கே தெரியல. எங்க சவுண்ட் இன்ஜினியருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். உங்க ஆளு ஒருத்தர்தான் கண்டுபிடிச்சாரு. அவரை ரெண்டு கேள்வி கேக்கணும். ஒண்ணு, எப்படிக் கண்டுபிடிச்சீங்க? ரெண்டாவதை அவர் மூஞ்சியப் பார்த்துத்தான் கேக்கணும்."

கோழைகளுக்கு ஒரு வசதி உண்டு, பழியைத் தள்ளிவிட அவர்களுக்கு வீட்டில் யாராவது இருப்பார்கள். "எழுதினது மட்டும்தாங்க நான். சொன்னது என் அண்ணி" என்றேன்.

"அப்ப அந்த வாயைத்தான் பார்க்கணும். கிளம்புங்க."

கடையில் அண்ணி ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தார். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அந்தப் பெண்மணி உள்ளே வந்து, சும்மா ஒரு வாடிக்கையாளர் மாதிரி, "அளவு எடுக்கணுங்க" என்றார். மெஷின் நின்றது.

"சின்ன மருமக!" என்றார் அண்ணி, தலை நிமிராமலே. பிறகு, "இல்ல, நாத்தனாரு." பிறகு தலையை நிமிர்த்திப் பார்த்தார். கடைக்கு வந்தவர் ஒருவரை அவர் அப்படி நிமிர்ந்து பார்த்ததை அன்றைக்குத்தான் கண்டேன். "அடியேய், ரெண்டும் நீதானா!"

டப்பிங்கார அம்மா பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். சண்டை போட வந்தவர் கண்ணில் தண்ணீர். "ரெண்டு வருஷத்துல முதல் தடவையா ஒருத்தர் என்னைக் கண்டுபிடிச்சிருக்காங்க. சந்தோஷப்படறதா, அடிக்கிறதான்னு தெரியலக்கா" என்றார்.

பிறகுதான் முழுக் கதையும் வந்தது. நாத்தனாருக்குப் பேச வந்தவர், தொடர் ஆரம்பித்த முதல் வாரமே திடீரென்று நின்றுவிட்டார். "ரெண்டு நாளைக்கு நீங்களே பேசிடுங்க, ஆள் பிடிச்சிடலாம்" என்றார் சவுண்ட் இன்ஜினியர். அந்த இரண்டு நாள் இரண்டு வருடமாகிவிட்டது. காற்றுப் புகாத சின்ன அறை, வளையல் போடக் கூடாது, மொடமொடப்பான துணி கட்டக் கூடாது, காதில் ஹெட்போன், எதிரே திரை. முதலில் மருமகளின் வசனம் முழுக்கப் பேசி முடிப்பார். பிறகு ஒரு வாய் வெந்நீர் குடித்துவிட்டு நாத்தனாராக வந்து அவளையே திட்டுவார். அறைகிற காட்சியில் அடி வாங்கின "ஆ"வும் இவர்தான், அடித்த "ச்சீ"யும் இவர்தான். கட்டிப்பிடித்து அழுத நாளன்று ஒரே அழுகையை இரண்டு தடவை அழுதிருக்கிறார்.

"உங்க பத்திரிகைய எங்க தயாரிப்பாளர் வீட்டம்மா படிச்சிட்டாங்க. படிச்சிட்டு, கண்ணை மூடிக்கிட்டு ஒரு எபிசோடைக் கேட்டிருக்காங்க. அவ்வளவுதான், குட்டு உடைஞ்சுபோச்சு. 'நாத்தனாருக்கு வேற ஆளு பாருங்க. உங்களுக்கு மருமக மட்டும் போதும்'னுட்டாரு தயாரிப்பாளர்."

"மருமகதான் இருக்கே" என்றேன் நான், சமாதானமாக. இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் என்னை முறைத்தார்கள்.

"மருமகளுக்கு என்ன பேச்சு இருக்கு? காலையில 'சரிங்க அத்தை', சாயங்காலம் 'பரவாயில்லைங்க அண்ணி'. நாத்தனாருக்குத்தாங்க பேச்சே இருக்கு! பதினெட்டு வருஷமா இந்த வேலை பார்க்கறேன். எவளெவளுக்கோ பேசியிருக்கேன். இவ ஒருத்திதான் என் ஆளு. அவளை வேற யாரோ பேசறதைக் கேட்டுக்கிட்டு, நான் எதிர்ல நின்னு 'பரவாயில்லைங்க'ன்னு சொல்லணுமா?"

சனிக்கிழமை மதியம் நாத்தனார் குரலுக்குத் தேர்வு. பெயர் கிடையாது, பதிவு செய்த குரல்களுக்கு எண் மட்டும் போட்டுத் தயாரிப்பாளருக்கும் அவர் மனைவிக்கும் போட்டுக்காட்டுவார்கள். சவுண்ட் இன்ஜினியர் நல்ல மனிதர்; ஓர் எண்ணில் இவரையும் நுழைத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் இது அந்தப் பழைய குரல்தான் என்று தெரிந்துவிட்டால், ஏமாற்றப் பார்த்தார் என்று மருமகளையும் பறித்துக்கொள்வார்கள். பதினெட்டு வருடப் பிழைப்பு அந்த ஒரு சனிக்கிழமையில் தொங்கிக்கொண்டிருந்தது.

"அதுக்குத்தாங்க்கா வந்தேன். எதை வெச்சுக் கண்டுபிடிச்சீங்க? அதைச் சொல்லுங்க. அதை மாத்திட்டா யாராலயும் கண்டுபிடிக்க முடியாது."

அண்ணி ஊசிகளை வாயிலிருந்து எடுத்தார். "ரெண்டு பேரும் பொய் சொல்றதுக்கு முன்னாடி மூக்கால குட்டியா ஒரு மூச்சு இழுக்கறாங்க. கோவம் வந்தா கடைசி வார்த்தைய முழுங்கறாங்க. அப்புறம், ரெண்டு பேரும் சிரிக்கும்போது நீ சிரிக்கறே."

மறுநாளிலிருந்து கடையில் ஒரே கூத்து. டப்பிங்கார அம்மா தினமும் பதினொரு மணிக்கு வந்துவிடுவார். துணி மாற்றும் திரைக்குப் பின்னால் நின்று நாத்தனாரின் வசனத்தைப் பேசுவார். ஏமாற்றுவதற்காக நடுநடுவே மருந்துக்கடை அம்மாவையும், துணி வாங்க வந்தவர்களையும் அதே வசனத்தைப் பேசச் சொல்வார். அண்ணி தைத்துக்கொண்டே சொல்லிக்கொண்டு போவார்: "நீ." "நீ." "மருந்துக்கடை அம்மா." "யாரோ பல் வலிக்காரங்க." "நீ." "இப்பவும் நீதான், தொண்டையை இறுக்கிப் பிடிச்சிருக்கே." ஒரு தடவைகூடத் தவறவில்லை. ஆம்பளைக் குரலில் பேசிப்பார்த்தார். "இதுவும் நீ. ஜலதோஷம் பிடிச்ச நீ."

"கெட்டவ மாதிரி பேசறே. அதான் தப்பு" என்றார் அண்ணி மூன்றாம் நாள். "கெட்டவளுக்குத் தான் கெட்டவன்னு தெரியவே தெரியாது. உலகமே தனக்குத் துரோகம் பண்ணிடுச்சுன்னு நெனப்பா. அவ விஷம் வெக்க வரல, நியாயம் கேக்க வர்றா. பல்லைக் கடிக்காதே. நியாயம் கேளு." எந்த விமர்சகனும் இப்படி ஒன்றை எழுதி நான் மெய்ப்புப் பார்த்ததில்லை. அவசரமாகக் குறித்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமைக்குள் டப்பிங்கார அம்மாவுக்குத் தொண்டையும் போய்விட்டது, பொறுமையும் போய்விட்டது. இருபதாவது தடவையாக அண்ணி "நீ" என்றதும் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"தப்பு கண்டுபிடிக்க உங்களுக்கு நல்லா வருதுக்கா. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நல்லா இருக்குன்னு சொல்ல வாய் வராதா?"

"நல்லா இருந்தா சொல்லுவேன்."

"நீங்க உக்காந்த இடத்துலயே உக்காந்து சொல்லிட்டீங்க, இவர் எழுதிட்டாரு, உங்க ரெண்டு பேருக்கும் என்ன போச்சு? நின்னு பேசறவளுக்குத்தான் போச்சு. இனிமே வரமாட்டேன்." மஃப்ளரைக்கூட எடுத்துக்கொள்ளாமல் போய்விட்டார்.

அன்று ஏழு மணிக்கு அண்ணி டிவியைப் போடவில்லை. பெஞ்சில் காத்திருந்த இருவர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் போன பிறகு அண்ணி என்னிடம் சொன்னார்: "அவ சொன்னது நிஜம்டா. எனக்கு வாய் ஊறிச்சு, சொன்னேன். அந்தக் குரலுக்குப் பின்னாடி ஒரு ஆளு நிக்கறான்னு நான் நெனச்சுப் பார்க்கவே இல்ல. அவளுக்கு வேலை போச்சுன்னா அது நான் பண்ணின பாவம்." நான்தான் அதற்குக் கொட்டை எழுத்தில் தலைப்பு வைத்தவன்.

சனிக்கிழமை காலை பெஞ்சில் உட்கார்ந்து நான் உண்மையாகவே குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அண்ணி வாயில் ஊசியோடு ஒரு ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தார். வாசலில் யாரோ வந்து நின்று மேசைமேல் ஒரு சட்டையைப் போட்டார்கள்.

"இது உங்க கடையில தைச்சதுங்களா?" கனமான, நிதானமான குரல். வார்த்தை ஒவ்வொன்றும் எண்ணி வைத்ததுபோல் விழுந்தது.

அண்ணி வழக்கம்போலத் தலை நிமிராமலே சட்டையைத் தடவிப் பார்த்தார். "ஆமா, மருந்துக்கடை அம்மா வீட்டுது."

"நான் அவங்க தங்கச்சி. நேத்து ராத்திரி வந்தேன். அக்கா பாவம், வாயில்லாப் பூச்சி, உங்ககிட்ட சொல்லமாட்டா. அதான் நான் வந்தேன். இந்தக் காலர் ஒரு பக்கம் இறங்கியிருக்கு. கண்ணாடி முன்னாடி நின்னு நாலு தடவை பார்த்தாச்சு. நாங்க உங்களை நம்பித்தானே கொடுத்தோம்? காசு கொடுக்கறவங்க கழுத்து கோணலா இருந்தாப் பரவாயில்லைன்னு நெனச்சீங்களா?"

நான் தலையைத் தூக்கினேன். எதிரே டப்பிங்கார அம்மா நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார். அவருக்குப் பின்னால் மருந்துக்கடை அம்மா, வாயைக் கையால் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க நின்றார்.

அண்ணி காலரை இரண்டு பக்கமும் விரலால் அளந்தார். இன்னொரு தடவை அளந்தார். பதினோரு வருடத்தில் அவர் வைத்த காலரைப் பற்றி ஒருத்தரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. "நேரா இருக்கற மாதிரிதான் தெரியுது..." என்று இழுத்தார்.

"உங்க கைக்குத் தெரியாதுங்க. போட்டுக்கிட்டவங்களுக்குத்தான் தெரியும். நான் சண்டை போட வரல. நியாயத்தைச் சொல்ல வந்தேன்."

"மன்னிச்சுக்கோங்கம்மா" என்றார் என் அண்ணி. நான் பென்சிலைக் கடித்தேன். "கொஞ்சம் உக்காருங்க, இப்பவே பிரிச்சுத் தைச்சுத் தர்றேன்." காலரைப் பிரித்து, மறுபடி வைத்து, நாலு பக்கமும் இழுத்துப் பார்த்து, வெட்கத்தில் முகத்தை நிமிர்த்தாமலே நீட்டினார். அந்தக் குரல், "இப்பப் பரவாயில்ல" என்று சொல்லிவிட்டுப் போயிற்று. அண்ணியின் நெற்றியில் வியர்வை.

நான் பின்னாலேயே ஓடினேன். மருந்துக்கடைக்குள் டப்பிங்கார அம்மா கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தார். "மன்னிப்புக் கேட்டாங்க! பார்த்தீங்கல்ல? என்கிட்ட மன்னிப்புக் கேட்டாங்க!" பிறகு என் சட்டையைப் பிடித்தார். "வாயைத் திறந்தீங்க, தொலைச்சுடுவேன். டிவியில கேட்டு அவங்களே கண்டுபிடிக்கட்டும். கண்டுபிடிச்சுட்டாங்கன்னா நான் தோத்தேன்." அப்படியே ஆட்டோ பிடித்துத் தேர்வுக்குப் போய்விட்டார். அதன்பிறகு நாலு நாள் அவரிடமிருந்து ஒரு சேதியும் இல்லை.

அந்த நாலு நாளும் அண்ணி பட்ட பாட்டை நான் பார்த்தேன். ஏழு மணி ஆனால் மெஷினை நிறுத்திவிடுவார். நாத்தனார் சிலேட்டை வைத்துக்கொண்டு வந்து போவாள். "இன்னும் பேசலையாடா? கட்டு பிரிச்சுட்டாங்களா, பாரு" என்று என்னை நச்சரிப்பார். சொல்லிவிடலாமா என்று எனக்கு நாக்கு துடிக்கும். ஆனால் தேர்வில் என்ன ஆனது என்று எனக்கே தெரியாது.

புதன்கிழமை கட்டைப் பிரித்தார்கள். மருத்துவமனைக் கட்டிலில் நாத்தனார் எழுந்து உட்கார்ந்தாள். சிலேட்டைத் தூக்கி எறிந்தாள். மருமகள் பக்கம் திரும்பி, கனமான, நிதானமான குரலில், "நான் என்ன தப்புப் பண்ணினேன்? எனக்கு ஒரு நியாயம் சொல்லுங்க" என்றாள்.

அண்ணியின் கையிலிருந்த கத்தரி கீழே விழுந்தது.

"இது மருந்துக்கடை அம்மாவோட தங்கச்சிடா! காலர் சண்டைக்கு வந்தாளே, அவதான்! அவளும் டப்பிங் பேசறவளா? அவளையாடா எடுத்துட்டாங்க?" அவர் குரல் உடைந்துவிட்டது. "அப்ப நம்ம ஆளு தோத்துட்டா. போச்சு. எல்லாம் போச்சு. நான்தான் கெடுத்தேன்."

நான் திரையைப் பார்த்தேன். மருமகள் "பரவாயில்லைங்க அண்ணி" என்றாள்; அதுவும் அவர்தான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சத்தியமாக முயற்சி செய்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சிலேயே சாய்ந்துவிட்டேன். அண்ணி அழுகையை நிறுத்திவிட்டு என்னை உற்றுப் பார்த்தார். வாசலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மருந்துக்கடை அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் அண்ணி எந்தக் கதையிலும் முடிச்சை மூன்றாம் வாரமே அவிழ்க்கிறவர். இதற்கு ஒரு நிமிடம் ஆயிற்று.

"உங்களுக்குத் தங்கச்சியே கிடையாதில்ல?" என்றார் மருந்துக்கடை அம்மாவிடம்.

"ரெண்டு தம்பிங்க மட்டும்தான்" என்றார் அந்த அம்மா, சுவரைப் பார்த்தபடி.

அண்ணி வாயிலிருந்து ஊசியை ஒவ்வொன்றாக எடுத்தார். "அப்ப அந்தக் காலர் நேராத்தான் இருந்துச்சா?"

"நூல் பிடிச்ச மாதிரி இருந்துச்சு அண்ணி."

"நேரா இருந்த காலரையாடா நான் பிரிச்சுத் தைச்சேன்? என் கையால வெச்ச காலரை, அவ பேச்சைக் கேட்டுக் கோணல்னு நம்பிட்டேனே!" நெற்றியில் அடித்துக்கொண்டார். பிறகு அவரும் சிரிக்க ஆரம்பித்தார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெஞ்சில் இருந்தவர்கள் எதற்கென்று தெரியாமலே கூடச் சேர்ந்துகொண்டார்கள்.

சிரிப்பு அடங்கியதும், "நோட்டை எடு, இந்த வாரத்துக்கு எழுதிக்கோ" என்றார். நான் பென்சிலைத் தேடி எடுத்தேன். "ஏழு மணித் தொடர்ல நாத்தனாருக்குப் புதுசா ஒருத்தர் பேசறாங்க. நல்லா இருக்கு. யாருன்னு தெரியல."

"அவ்வளவுதானா? பிரமாதம், அற்புதம்னு ஏதாவது ஒண்ணு சேர்த்துக்கவா?"

"ஒரு எழுத்து சேர்த்தே, கையை ஒடிப்பேன். அந்தத் தயாரிப்பாளர் வீட்டம்மாவும் படிப்பாங்க. அவளும் படிப்பா." ஊசியை மறுபடி வாயில் வைத்துக்கொண்டு மெஷினை மிதித்தார். "யாருன்னு தெரியலன்னு நான் சொன்னேன்னு அவளுக்குப் போய்ச் சேர்ந்தாப் போதும்."